காப்புக் கட்டிலிருந்து கலைவாணி விழாவுக்கு: சப்ரகமுவத் தோட்டங்களும் பல்கலைக்கழக மரக்கறிப் பந்தியும்

சப்ரகமுவத் தோட்டங்களில் மரக்கறிச் சாப்பாடு நாள் குறித்து வந்து நாள் குறித்துப் போகும். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் லயத்தில் கருவாட்டு வாசனை நின்றுவிடும். கரகம் பாலித்து, தீ மிதித்து, காப்பு அவிழ்த்த பிறகு முனியாண்டிக்குக் கிடாயும் சேவலும் உண்டு. மாசியில் காமன் கூத்துக்கு ரதி, மதன் வேடம் கட்டுவோரும் விரதம் இருந்தே ஆடுவர். ஆண்டு முழுவதும் புலால் விலக்கும் சைவ ஒழுக்கம் இதுவல்ல. பல்கலைக்கழக இந்து மாணவர் சங்கங்கள் சுமந்து வந்தது அந்த இரண்டாவது மரபை. இவை இரண்டும் ஒன்றையொன்று சந்தித்த வரலாறு மிகவும் பிந்தியது.

கோப்பி சரிந்த பின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் பரவின. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இரக்குவானைப் பக்கங்களில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. நுவரெலியாவில் உள்ளது போன்ற தொடர்ச்சியான தமிழ்ப் பரப்பு இங்கே இல்லை. ஆகவே கோயிலே கூடுமிடம். அன்றாட உணவு கோதுமை மா ரொட்டியும் சம்பலும் என்றிருந்த வீடுகளுக்கு, திருவிழா அன்னதானத்துச் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் பாயாசமும் ஆண்டின் நிறைந்த சாப்பாடு. அரிசியும் மாவும் தட்டுப்பட்டு மலையகத்தில் பட்டினிச் சாவு வரை போன 1973–74 ஆம் ஆண்டுகளில், இறைச்சி இல்லாத தட்டுக்குக் காரணம் விரதமல்ல, வறுமை. தோட்ட மக்களின் மரக்கறி உணவைப் பக்தியாக மட்டும் வாசிப்பவர்கள் இதைத் தாண்டிச் செல்வது எனக்கு உடன்பாடில்லை.

மறுபக்கம், 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1952 இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கே இந்து மாணவர் சங்கம் ‘இந்து தருமம்’ என்ற இதழை வெளியிட்டது. வளாகத்தில் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் எழுந்தது. சங்கத்தின் சமயப் போக்கை வகுத்தது யாழ்ப்பாணத்துச் சைவமே. ஆறுமுக நாவலர் (1822–1879) உயிர்ப்பலியையும் சிறுதெய்வ வழிபாட்டையும் கண்டித்து, ஆகமம், திருமுறை, புலால் மறுத்தல் என்று வகுத்த வழி அது. பேராதனையைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் இருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே அரிது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். இரத்தினபுரிப் பக்கத்திலோ 1977, 1981, 1983 வன்செயல்கள் பல குடும்பங்களைத் தோட்டத்தை விட்டே விரட்டின. படிப்பு தொடர்வது பிறகல்லவா!

1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1996 முதல் பெலிஹுல் ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. பலாங்கொடைத் தோட்டங்களுக்கு அருகில், சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய குடியிருப்புகளில் அது அமைந்தது. ஆனால் மாணவர் நாடெங்குமிருந்து வருகிறார்கள். பல்கலைக்கழகங்களில் கலைவாணி விழா, சிவராத்திரி, பொங்கல் ஆகியவற்றைச் சுற்றியே இந்து மாணவர் சமய வாழ்வு நடக்கிறது. சுண்டல், மோதகம், சர்க்கரைப் பொங்கல், வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு என்று எவருக்கும் உறுத்தாத பொதுப் பந்தி அங்கே உருவாகிறது. யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார அது வசதியானது. அதே வசதிதான் முனியாண்டி பூசையை விழா நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே நிறுத்துகிறது. காமன் கூத்துக்குக் கலை என்ற பெயரில் மேடை கிடைக்கலாம். கிடாய்க்கு இடமில்லை.

இந்த விலக்கை யாரும் ஆணையிட்டுக் கொண்டுவரவில்லை; சமைப்பவரும் பரிமாறுபவரும் பழகிப்போன ஒழுங்கு அது. அரசின் குரல் பின்னரே சேர்ந்தது: இந்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்யும் யோசனைக்கு 2018 செப்டெம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.