15 குதிரைத்திறனும் ஒரு கேம் ஷாஃப்ட்டும்

"பழைய ஞாபகம் எதையாவது எழுதுங்க சார்" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம் ஐ.சி. இன்ஜின் லேபும், அங்கே வரைந்த வால்வு டைமிங் டயகிராமும்தான். இன்லெட் வால்வு டி.டி.சி.க்கு முன்னாலேயே திறக்கிறது, பி.டி.சி. தாண்டித்தான் மூடுகிறது என்று கலர் பென்சிலில் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். ஏன் அப்படி என்று யார் கேட்டோம்? "மார்க் வந்தாச்சு, விடுப்பா" என்று கேன்டீனுக்குப் போய்விட்டோம்.

அந்த "ஏன்"-க்குப் பதில் எனக்குக் கிடைத்தது 20 வருஷத்துக்கு மேல் கழித்து, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1969 செவ்ரோலே கமாரோ காரின் பானெட்டுக்குக் கீழே. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம்.

நடுத்தர அளவுக் காரில் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பது 1960-களில் அங்கே பெரிய மோகமாக இருந்தது. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்துதான் "மசில் கார்" காலம் தொடங்குவதாகப் பெரும்பாலோர் கணக்கு வைப்பார்கள். அந்த இன்ஜின்களுக்கு உயிர் என்று ஒன்றைச் சொல்வதானால் அது கேம் ஷாஃப்ட்தான். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயர வேண்டும், எத்தனை டிகிரி திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு இரும்புத் தண்டு முடிவு செய்கிறது.

இந்தக் கலையில் மறக்க முடியாத பெயர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ். ரஷ்யப் பெற்றோருக்கு 1909-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்து, பெர்லினில் படித்து, 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தவர். செவ்ரோலே 1955-ல் கொண்டுவந்த 265 கன அங்குல வி-8 இன்ஜினுக்கு இவர் ஒரு கேம் வடிவமைத்தார். 1956 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் கார்வெட் காரைத் தாமே ஓட்டி, மணிக்கு 150 மைலைத் தாண்டிக் காட்டினார். படம் வரைந்தவரே ஸ்டியரிங்கையும் பிடித்தார் பாருங்கள்!

1964-ல் அடுத்தது வந்தது. பட்டறைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் "30-30". இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் டாப்பெட் இடைவெளி 0.030 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். வால்வு 0.050 அங்குல டாப்பெட் உயரத்தில் அளந்தால் 254 டிகிரி திறந்திருக்கும்.

இப்போது 1965 கார்வெட் விலைப்பட்டியலைப் பாருங்கள். ஒரே 327 கன அங்குல இன்ஜின்தான். சாதுவான கேமுடன் 300 குதிரைத்திறன், 3200 சுற்றில் உச்ச டார்க் 360 பவுண்டு-அடி. அடுத்தது எல்-79: ஹைட்ராலிக் டாப்பெட், 222 டிகிரி கேம், 350 குதிரைத்திறன், 3600 சுற்றில் அதே 360 பவுண்டு-அடி. அதற்கும் மேலே 30-30 கேமுடன் எல்-76: 365 குதிரைத்திறன், ஆனால் டார்க் 350-ஆகக் குறைந்து, அதுவும் 4000 சுற்றில்தான் வருகிறது. குதிரைத்திறன் ஏற ஏற, டார்க் மேல் சுற்றுக்கு நகர்ந்துகொண்டே போகிறது.

நம் டயகிராமின் "ஏன்" இதுதான். வேகச் சுற்றில் உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருக்கிறது. பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் அது சிலிண்டரை நிரப்பிக்கொண்டிருக்கும். அதனால் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். மெதுவான சுற்றில் அந்த உந்தம் கிடையாது. வால்வு திறந்தே கிடந்தால், உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் திருப்பித் தள்ளிவிடும். ஒரே கேம் இரண்டு சுற்றுக்கும் முழு நியாயம் செய்ய முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பந்தயக்காரர்களுக்குப் பதில் சுலபம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 5 லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது என்று விதி. 4 அங்குல போர், 3 அங்குல ஸ்ட்ரோக் வைத்து 302 கன அங்குலத்தில் 1967-ல் கமாரோ இசட்-28 வந்தது. அதே 30-30 கேம். கூடவே 4 கியர் மேனுவல் பெட்டி, 3.73 பின் ஆக்ஸில். இன்ஜினை எப்போதும் மேல் சுற்றிலேயே வைத்து ஓட்டுவதற்கான கூட்டணி அது. 1968-ல் மார்க் டானஹ்யூ பென்ஸ்கி அணியின் கமாரோவில் 13 பந்தயங்களில் 10-ஐ ஜெயித்தார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பெரியவரின் கமாரோவில் 350 கன அங்குல இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், 3.08 ஆக்ஸில், வேக்குவம் பூஸ்டர் பிரேக். 2009-ல் இன்ஜினைப் பிரித்தோம். கேம் எது போடலாம் என்றதும் நான்தான் 30-30 என்றேன். "302-லேயே ஓடியது, 350-ல் தாராளமா ஓடும்" என்று என் வாதம். அவர் தயங்கினார். "நீ இன்ஜினியர், சரி" என்று ஒப்புக்கொண்டார்.

ஐடிலில் அந்த "கடகட" சத்தம் கேட்கப் பிரமாதம்தான். கிளப்பியதும் தெருவே திரும்பிப் பார்த்தது. சிக்னலில் டி-யில் நின்றாலோ வண்டி அணைந்துவிடும். பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சோம்பேறி மாதிரி நகரும். இதெல்லாம் பரவாயில்லை. ஒருநாள் இறக்கத்தில் இரண்டு மூன்று முறை பிரேக் அடித்தார். அடுத்த முறை பெடல் கல்லாக இறுகிவிட்டது. ஐடிலில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமானால் மேனிஃபோல்டில் வேக்குவம் நிற்காது. பூஸ்டருக்கு வேண்டியதே அந்த வேக்குவம்தான். முன்னால் ஒரு ஸ்கூல் பஸ். முழு பலத்தையும் போட்டு அவர் மிதித்ததில் ஒரு முழ இடைவெளியில் நின்றோம். அவர் என்னைத் திட்டவில்லை. இறங்கி பானெட்டைத் தட்டி, "இது என் வண்டி, பந்தய வண்டி இல்லை" என்றார். அந்த வார்த்தை இன்னும் சுடுகிறது.

இரண்டாவது தடவை ஒழுங்காகக் கேள்வி கேட்டோம். வண்டி எடை என்ன? ஆக்ஸில் என்ன? எந்தச் சுற்றில் அதிகம் ஓடும்? பிரேக்குக்கு வேக்குவம் வேண்டுமா? எல்-79 மாதிரிக் கேமும் ஹைட்ராலிக் டாப்பெட்டும் போட்டோம். புதுக் கேமுக்குப் புது டாப்பெட். அந்தச் சமயத்துக் கார் ஆயில்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றத் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டிருந்தார்கள். தட்டை டாப்பெட்டுக்கு அது ஆகாது, லோப் தேய்ந்தே போகும். அதனால் துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றி, கிளப்பியவுடன் ஐடிலுக்கு விடாமல், 2000 சுற்றுக்கு மேலேயே 20 நிமிஷம் ஓட்டிப் பழக்கினோம். அதன் பிறகு வண்டி அணைந்ததே இல்லை.

கார்வெட் பட்டியலில் எல்-79-க்கும் எல்-76-க்கும் வித்தியாசம் வெறும் 15 குதிரைத்திறன். அந்த மோகத்துக்கு நான் ஒரு பெரியவரின் உயிரை அடகு வைத்திருக்கிறேன்.

இப்போது லேபில் நிற்கும் தம்பி தங்கைகளே, கேட்டலாக்கில் பெரிய எண்ணைப் பார்த்ததும் மயங்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி சின்ன கேமை எடுங்கள். அதைவிட முக்கியம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் முன் வாத்தியாரிடம் "ஏன் சார்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது.

– மெக்கானிக்கல், 1983-87 அணி