தூக்க மாத்திரையும் படபடப்பும்

என் அத்தையின் தலையணைக்கடியில் எப்போதும் ஒரு மாத்திரைக் குப்பி இருக்கும். அது பீனோபார்பிட்டால் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அத்தை சொன்னபோதெல்லாம் மருத்துவர் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதி, அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பார்பிட்யூரிக் அமிலத்தை அடால்ஃப் வான் பேயர் 1864இல் உருவாக்கினார். பார்பரா என்ற பெண்ணின் நினைவாக அப்பெயர் என்று ஒரு கதை. புனித பார்பராவின் திருநாளை ஒட்டி என்று இன்னொன்று. எதுவானாலும் பெண்பெயர்தான். 1903இல் எமில் ஃபிஷரும் யோசஃப் வான் மெரிங்கும் வெரோனாலைக் கொண்டுவந்தார்கள். 1912இல் லூமினால் என்ற பெயரில் பீனோபார்பிட்டால் வந்தது. 1924இல் வெளிவந்த ஷ்னிட்ஸ்லரின் குறுநாவலில் எல்சே குடிப்பது வெரோனால். 1962இல் மர்லின் மன்றோ, 1969இல் ஜூடி கார்லண்ட். சோக நாயகிகளாக இருவரும் நம் நினைவில் நிற்கிறார்கள். மாத்திரையை எழுதிக்கொடுத்த கைகள் யார் நினைவிலும் இல்லை.

இம்மருந்து அளவு மீறினால் மூச்சு அடங்கும், ரத்த அழுத்தம் சரியும். இதயத் தாளத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தின் கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். துடிப்பு தொடங்கித் திரும்பும்வரையிலான நேரத்தை இ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி என்கிறார்கள். அது மிகவும் நீண்டால் தாளம் முறுக்கிக்கொண்டு ஓடி, உயிரையே பறிக்கலாம். 1966இல் பிரெஞ்சு மருத்துவர் டெஸர்டென் இத்தாளக்கேட்டை விவரித்துப் பெயரிட்டார். அவருடைய நோயாளி 80 வயதுப் பெண். பெண்களுக்கு இவ்விடைவெளி ஆண்களைவிட நீளம் என்பதை பேஸட் 1920இலேயே குறித்திருந்தார்.

பென்டோபார்பிட்டால் இந்த இடைவெளியை நீட்டும். ஆனால் நாயின் இதயத் தசையில் செய்த ஆய்வில் அதே மருந்து, இதயச் சுவரின் அடுக்குகளுக்கிடையே இருந்த வேறுபாட்டைக் குறைத்துத் தாளக்கேட்டை அடக்கியது. ஆக, நீளம் மட்டுமே ஆபத்தில்லை. அடுக்குகள் ஒத்துப்போகாததே பெரிய ஆபத்து. (யாப்பு நடத்துகிறவளுக்கு இது எளிதில் புரிந்தது. சீர் நீண்டதால் அல்ல, தளை தட்டினால்தான் ஓசை கெடும்.)

இப்படி நுணுகிப் பார்க்கத் தெரிந்த அறிவியல், பெண்ணுடலை வாசலிலேயே நிறுத்தியது. கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் சொன்னது. அதை 1993இல்தான் மாற்றிக்கொண்டது. இதய மருந்துகளால் இந்தத் தாளக்கேடு வந்தவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் பெண்கள் என்று ஓர் ஆய்வு சொன்னதும் அதே ஆண்டில்தான். பார்பிட்யூரேட்டுகளின் காலம் போய் வந்த தூக்க மாத்திரை ஸோல்பிடெம். பெண்ணுடல் அதை மெதுவாகவே வெளியேற்றுகிறது என்று 2013இல்தான் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள்.

அத்தையின் படபடப்புக்கு அந்த மாத்திரைதான் காரணம் என்று நான் வாதாட வரவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. படபடப்பு வரும்போது என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "எண்ணிப் பாருடி" என்பார். எண்ணுவேன். நடுவில் ஒன்று விட்டுப்போகும். உடனே இரண்டு சேர்ந்து வரும். மருத்துவரின் அறைக்குள் அத்தையோடு மாமாதான் போவார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.