நஞ்சும் அதன் இனமும்

பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைத் தோட்டங்களில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோயைத் தீர்ப்பதும் மருந்து. தேயிலைச் செடிகளுக்கிடையே முளைக்கும் களையைக் கொல்வதும் மருந்து. இவ்விரண்டாவது மருந்து மனித உடலுக்கு எத்துணைக் கொடியது என்பதை, அதனைத் தெளிப்போர் பட்டறியும் முன்னரே கணித்தாக வேண்டும். அக்கணிப்பின் வரலாறு இலங்கைக்கு ஓர் அரிய பாடமாக அமைந்தது.

ஒரு பொருளின் நச்சுத்தன்மையை முன்னறிய அறிஞர் கையாளும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது ஒன்று. அமைப்பில் ஒத்த பொருளைப் பற்றி முன்பே அறிந்ததைக் கொண்டு புதியதை ஊகிப்பது மற்றொன்று. பரத்தியனும் அதன் இனத்துப் பூச்சிகொல்லிகளும் நரம்புக்கு இன்றியமையாத ஒரே நொதியத்தை முடக்குவன. ஆகவே ஒன்றை அறிந்தோர் அதன் இனத்தையும் ஐயுற்றது நியாயமே. இலங்கையில் பரத்தியன் 1984இலும், அதன் இனத்தைச் சேர்ந்த மொனோகுரொட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவை 1995இலும் தடை செய்யப்பட்டன.

ஆயினும் இனம் எப்போதும் உண்மை உரைப்பதில்லை. குளோர்பைரிபொஸ், பென்தியன், டைமெத்தோயேற்று ஆகிய மூன்றும் அவ்வினத்தனவே. எலிச் சோதனையைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் அவற்றை ஒரே வகுப்பில் வைத்திருந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளின் நோயாளர் பதிவுகளோ வேறு கதை கூறின. 2005இல் வெளியான அவ்வாய்வின்படி, நச்சுற்று வந்தோருள் நூற்றுக்கு இறந்தவர் முறையே ஏறத்தாழ 8, 16, 23 பேர்.

தேயிலைத் தோட்டங்களில் களையழிக்கப் பயன்பட்ட பரக்குவாற்றும் அதே வகுப்பினதே. அதற்கு டைக்குவாற்று என்றோர் உடன்பிறப்பும் உண்டு. அமைப்பில் இவை மிக நெருங்கியவை. ஆனால் பரக்குவாற்றை நுரையீரல் தன்னுள் ஈர்த்துச் சேர்த்துக் கொள்கிறது; டைக்குவாற்றை அவ்வாறு ஈர்ப்பதில்லை. 2010இல் வெளியான ஆய்வில், பரக்குவாற்றை உட்கொண்டோருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மாண்டமை தெரியவந்தது.

பரக்குவாற்று, டைமெத்தோயேற்று, பென்தியன் மூன்றும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. வட மத்திய மாகாணத்து நோயாளரின் படுக்கையருகே எழுதப்பட்ட குறிப்புகள், ஊவா மலைச்சரிவில் தெளிகருவி சுமந்த தொழிலாளிக்கும் காவலாயின. இன ஒற்றுமை வழி காட்டும். தீர்ப்புக் கூறவோ மனித அனுபவத்தின் கவனமான பதிவு வேண்டும்.