பல இணைப்பு பைபாஸ் அறுவைச் சிகிச்சையின் விளைவுகள்

இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனிகள் பலவற்றில் அடைப்பு இருக்கும்போது, நெஞ்சு, கை, கால் ஆகிய இடங்களிலிருந்து எடுத்த இரத்தக்குழாய்களைக் கொண்டு அடைப்புக்கு அப்பால் மாற்றுவழி அமைப்பது பல இணைப்பு பைபாஸ் எனப்படும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1967-இல் ரெனே ஃபவலோரோ காற்சிரையைக் கொண்டு இம்முறையை நிலைபெறச் செய்தார். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார்.

உடனடி விளைவுகள்

திட்டமிட்டுச் செய்யப்படும் அறுவையில் இறப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு. அவசர அறுவை, இதயத்தின் சுருங்கு திறன் குறைவு, சிறுநீரக நோய், முதுமை ஆகியவை இதைக் கூட்டும். சிலருக்குப் பக்கவாதமும், சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுப் புண்ணில் தொற்றும் நேரலாம். ஐவரில் ஒருவருக்கேனும் ஓரிரு நாளில் இதயத்துடிப்பு தாறுமாறாகும். பெரும்பாலும் சில வாரங்களில் சீராகிவிடும். அறுவைக்காக வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும்.

நீண்டகால விளைவுகள்

நெஞ்சுவலி தணிவதே பெரும்பாலோர் முதலில் உணரும் பலன். ஆயுளைப் பொறுத்தவரை இணைப்புகளின் எண்ணிக்கையைவிட எந்தக் குழாய் பயன்பட்டது என்பதே முக்கியம். இதயத்தின் முன்புறத் தமனியில் இணைத்த இடது மார்புத் தமனி, பத்தாண்டுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் திறந்திருக்கிறது. காற்சிரை இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி அதற்குள் அடைபடுகின்றன. அடைபட்டால் மீண்டும் பைபாஸ் செய்வதுண்டு: 1990-இல் பைபாஸ் செய்துகொண்ட மன்மோகன் சிங்குக்கு, 2009-இல் பிரதமராக இருந்தபோது தில்லி எய்ம்ஸில் ஐந்து இணைப்புகளுடன் மறு அறுவை நடந்தது. அதன்பின் அவர் 2024 டிசம்பர் வரை, 92 வயது வரை வாழ்ந்தார்.

பல தமனி அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 'ஃப்ரீடம்' ஆய்வில் (2012), ஐந்தாண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் ஸ்டென்ட் (தமனியைத் திறந்துவைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்களில் 26.6 விழுக்காடு, பைபாஸ் செய்தவர்களில் 18.7 விழுக்காடு. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதலாக இருந்தது: பைபாஸில் 5.2, ஸ்டென்ட்டில் 2.4 விழுக்காடு.

தொடர் கவனிப்பு: புதுக்கோட்டை

இதய அறுவைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தார் திருச்சி, தஞ்சாவூர், மதுரை போன்ற நகரங்களுக்குச் செல்வதுண்டு. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் அறுவையும் அடங்கும். ஊர் திரும்பியபின் ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையும் மருத்துவர் சொன்னபடி நிறுத்தாமல் எடுப்பது, புகையிலையை விடுவது, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது ஆகியவை இணைப்புகளின் ஆயுளை நீட்டிக்கும். 2017-இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆகியவை இத்தொடர் கவனிப்புக்கு உள்ளூரிலேயே உள்ள வழிகள்.