பெற்றோரைப் பிரித்த தொட்டி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சபலம் உண்டு. ஓர் ஆணையும் பெண்ணையும் ஒரு வீட்டில் குடிவைத்துவிட்டு, என்ன நடக்கிறதென்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பான். மீன் வளர்ப்பவர்களுக்கும் அதே சபலந்தான். மீன்களைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்கு வேறு காரணம் கிடையாது.

சிக்லிட் என்று ஒரு மீன் குடும்பம். முட்டையிட்டதும் தன் வழியே போய்விடும் ஜாதியல்ல. ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு முட்டைகளைத் துடுப்பால் விசிறும். பூஞ்சணம் பிடித்தவற்றை வாயால் பொறுக்கி எறியும். ஆனால் தொட்டியில் அடைபட்ட ஜோடி சற்றே மிரண்டாலும் போதும், அதே முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். எனவே வியாபாரிகள் ஒரு வழி கண்டார்கள். ஏஞ்சல் மீன் முட்டையிட்டதும், முட்டை ஒட்டியிருக்கும் கல்லை வேறு தொட்டிக்கு மாற்றி, மெத்திலீன் நீலம் சில சொட்டுகள் விட்டு, காற்றுக் குமிழியை ஓடவிடுவார்கள். குஞ்சுகள் பிழைத்தன. பெற்றோரை நம்பக் கூடாது என்பது தொழிலின் பாடமாயிற்று.

அந்தப் பாடத்தைப் பொய்யாக்க ஒரு மீன் வந்தது. யோஹான் நாட்டரர் என்ற ஆஸ்திரியர் பிரேஸிலில் 18 வருஷம் அலைந்து சேர்த்தவற்றில் தட்டுப் போன்ற மீன் ஒன்றும் இருந்தது. வியன்னாவில் ஹெக்கல் அதை 1840-ல் விவரித்து டிஸ்கஸ் என்று பெயர் வைத்தார். 1930-களில் அது வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது.

அதற்குக் குடித்தனம் வைப்பது லேசல்ல. ஆண் எது, பெண் எது என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்தாறு இளமீன்களை ஒன்றாக வளர்த்து, அவையாக ஜோடி சேரும்வரை காத்திருக்க வேண்டும். நாம் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைத்தால் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும். பிறகு அந்த ஜோடிக்குத் தனித் தொட்டி. சுமார் 200 லிட்டர் பிடித்தால் நல்லது. அழுக்குத் தங்காதபடி அடியில் மணல் போடுவதில்லை. உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்மையான நீர், 28 முதல் 30 டிகிரி வெப்பம், முட்டையிடக் கவிழ்த்துவைத்த ஒரு மண் பூந்தொட்டி. இவ்வளவும் செய்து, முட்டையும் இட்டு, வழக்கம்போல் அதைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். குஞ்சு பொரித்தது. நீந்தவும் செய்தது. பிறகு பட்டினியால் செத்தது. என்ன தீனி போட்டாலும் தொடவில்லை.

பெற்றோரைத் தொட்டியிலேயே விட்டுவைத்தவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் நேரே தாய் தகப்பன் உடம்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. தோலில் சுரக்கும் வழவழப்பான கோழைதான் அவற்றின் முதல் ஆகாரம். ஒருவர் அலுத்துப்போனால் உடம்பை ஒரு வெட்டு வெட்டுவார். கூட்டம் முழுவதும் மற்றவர் மீது தாவிவிடும். இடுப்புக் குழந்தையை மாற்றிக்கொள்வது போலத்தான். தகப்பனும் சரிசமமாய்ப் பாலூட்டுகிறான் என்று சொல்லலாமா? பால் அல்லதான், ஆனாலும் எனக்கு வேறு சொல் அகப்படவில்லை. ஹில்டிமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1959-ல் இதை விரிவாக எழுதினார்.

இத்தனைக்கும் நம் பக்கத்து உப்பங்கழிகளிலேயே இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மஞ்சள் நிறச் சிறு மீன் அது. மலையாளத்தார் பொரித்துத் தின்னும் கரிமீனுக்குத் தம்பி முறை. பெர்லினில் இருந்த பிளாக் 1795-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். அதன் குஞ்சுகளும் பெற்றோர் உடம்பை உரசிக் கோழையை உண்கின்றன என்பதை வார்டும் பார்லோவும் ஆராய்ந்து எழுதியது 1967-ல்.

பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2010-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தது. முதல் இரண்டு வாரம் டிஸ்கஸ் பெற்றோர் குஞ்சுகளை விட்டு அகலுவதேயில்லை. மூன்றாவது வாரம் கொஞ்சங் கொஞ்சமாக விலகி நீந்துகிறார்கள். பால்குடி மறக்கடிக்கிறார்கள், வேறென்ன?

முட்டை தின்னும் பயம் மட்டும் போய்விடவில்லை. முட்டை மஞ்சட்கருவைத் தட்டில் பூசி, பெற்றோர் இல்லாமலே குஞ்சுகளை வளர்க்கும் வித்தையும் பின்னாளில் வந்தது. ஆனால் பல வீடுகளில் இப்போது முட்டையிட்ட பூந்தொட்டியைச் சுற்றி ஒரு கம்பி வலையைச் செருகிவிடுகிறார்கள். பெற்றோர் வெளியே நின்று காவல் காக்கலாம், வாய் எட்டாது. குஞ்சு நீந்தத் தொடங்கும் நாளில் வலைக்கண் வழியே தானாக அவர்களிடம் போய்ச் சேரும்.