மாற்றுத்திறனாளி உதவித்தொகை மேல்முறையீடும் காத்திருப்பும்: தக்கலை வட்டாரம்

மறுக்கப்பட்ட ஊனச் சான்றுக்கோ உதவித்தொகைக்கோ மேல்முறையீடு செய்யும் மாற்றுத்திறனாளிகள் முடிவு வரும்வரை காத்திருக்கும் காலத்தையும் அதற்கான நடைமுறைகளையும், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையை மையமாக வைத்து இக்கட்டுரை விவரிக்கிறது. இதற்கென்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ளதுபோல் விசாரணை நாள் குறித்து வரிசை நடத்தும் தனித் தீர்ப்பாயம் இங்கே இல்லை. ஆகவே காத்திருப்பு மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், உயர் நீதிமன்றம் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் கோப்பு தன் மேசையில் இருந்த நாள்களை மட்டும் எண்ணும். மனுதாரர் கழித்த மொத்த நாள்களை எண்ணுவது எவருடைய வேலையும் அல்ல.

தக்கலை கல்குளம் வட்டத்தின் தலைமையிடம். பத்மநாபபுரம் வருவாய்க் கோட்டத்தின் சார் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தலைமை மருத்துவமனையான பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, பத்மநாபபுரம் நீதிமன்றங்கள் எல்லாம் இவ்வூரில்தான் உள்ளன. முதல் மனுவைக் கொடுக்க உள்ளூரே போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் நாகர்கோவிலிலும், அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்திலும், வழக்கு போட வேண்டிய உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரின் அலுவலகம் சென்னையிலும் இருக்கின்றன. மேலே போகப் போக ஊரும் தூரமாகிறது. காலிப்பர் மாட்டிக்கொண்டோ சக்கர நாற்காலியிலோ, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குத் தூரமும் காத்திருப்பில் சேர்ந்ததுதான்.

சான்றும் சதவீதமும்

எல்லாம் ‘எத்தனை பர்சன்ட் போட்டாங்க’ என்ற கேள்வியில் தொடங்குகிறது. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஊனத்தின் வகைகளை 7லிருந்து 21 ஆக்கியது. ஆனால் பெரும்பாலான சலுகைகளின் வாசல் 40 சதவீதம்தான். 2021 ஜூன் முதல் சான்றுக்கான விண்ணப்பமும் தனித்துவ அடையாள அட்டையும் இணையவழியாயின. சான்று தர 2017ஆம் ஆண்டு விதிகள் ஒரு மாதக் கெடு வைத்தன. 2024 அக்டோபரில் வந்த திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவாகாத விண்ணப்பம் செயலற்றதாகிவிடும் என்றும் சொன்னது. தாமதத்தின் சுமையை மனுதாரர் தலையிலேயே ஏற்றும் ஏற்பாடு இது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சதவீதம் போடும் முறையிலேயே மேல்முறையீட்டுக்கான வித்து இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் இரண்டையும் நேராகக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணோடு, சிறிய எண்ணை 90இலிருந்து பெரியதைக் கழித்து வருவதால் பெருக்கி, 90ஆல் வகுத்துக் கூட்டுவார்கள். தென்னையிலிருந்து விழுந்த ஒருவருக்குக் காலில் 30, கையில் 12 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கூட்டினால் 42. வாய்பாட்டில் 12ஐ 60ஆல் பெருக்கி 90ஆல் வகுக்க 8, மொத்தம் 38. கையின் மதிப்பு 12க்குப் பதில் 15 என்றிருந்தால் சரியாக 40 வந்திருக்கும். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று இரண்டு மருத்துவர்கள் அளக்கும்போது இந்த மூன்று புள்ளி வேறுபடுவது அதிசயமில்லை.

38 போட்டுச் சான்று தந்தால் அது நிராகரிப்பு ஆகாது. 40க்குக் கீழே உள்ளவர்களுக்கான வெள்ளை நிற அட்டை வரும், உதவித்தொகை வராது. முழு நிராகரிப்பானால் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும். காரணத்தாள் வராத முதல் வகையினர்தான், மேல்முறையீடு என்ற வழி தமக்கு உண்டென்பதே தெரியாமல் அட்டையோடு வீடு திரும்புகிறார்கள். முடிவால் பாதிக்கப்பட்ட யாரும் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது சட்டத்தின் 59ஆம் பிரிவு.

அதே பிரிவு, மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று தானே சொல்லவில்லை. முறையை மாநில விதிகளுக்கு விட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையோ பாருங்கள்: பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 என்று சட்டத்திலேயே நாள் குறித்திருக்கிறார்கள். ஊனச் சான்று கேட்பவருக்கு அந்த உறுதி நாடாளுமன்றத்திடமிருந்து கிடைக்கவில்லை.

உதவித்தொகை

தமிழ்நாட்டில் தொகை இரண்டு துறைகள் வழியாக வருகிறது. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் ₹1,500. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, 75 சதவீதமோ அதற்கு மேலோ கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்புத் தொகை ₹2,000. ஓய்வூதிய மனு இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கையோடு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். பராமரிப்புத் தொகைக்குத் தகுதி உறுதியான பிறகும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. நிதி ஒதுக்கினால்தான் பெயர் நகரும். இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் முடியாது, யாரும் மறுக்கவில்லையே.

ஆணை பிறந்த பிறகே பணம் என்பது நடைமுறை. ஓராண்டு இழுத்தால் ₹18,000 போனது போனதுதான். ஆந்திரப் பிரதேசத்தில் 2024 முதல் ₹6,000 வழங்கப்படுவதைக் காட்டி இங்கும் உயர்த்தக் கோரி மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடிவருகின்றன.

மேலே போகும் வழிகள்

பெரும்பாலோர் முதலில் போவது நாகர்கோவிலில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு. அங்கே மனு எண் கிடைக்கும். மனுவோ பல நேரம் முதலில் மறுத்த அதே அலுவலகத்துக்கே அறிக்கை கேட்டுத் திரும்பும். மாநில ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் சில உண்டு. அவர் பரிந்துரைத்தால் உரிய அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். 2004 ஜூலை முதல் இயங்கும் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனு போட்டால், மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடு என்று உத்தரவு வருவதே வழக்கம். அங்கே கிடைப்பது தொகையல்ல, ஒரு கெடு.

மருத்துவப் படிப்புச் சேர்க்கை தொடர்பாக 2024 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மதிப்பீட்டு வாரியங்களின் முடிவை மறுபரிசீலிக்க மேல்முறையீட்டு அமைப்பு தேவை என்று வலியுறுத்தியது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கு மருத்துவ வாரியமும் அதன்மேல் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஏற்கெனவே உண்டு. ரப்பர் பால்வெட்டும் பனையேற்றமும் செய்கிற அமைப்புசாராத் தொழிலாளிக்கு அந்த வாசல் பெரும்பாலும் திறப்பதில்லை.

காத்திருப்பை எண்ணும் அமெரிக்காவில் 2017 நிதியாண்டில் ஊன உதவித்தொகை மேல்முறையீட்டு விசாரணை முடியச் சராசரியாக 600 நாளுக்கு மேலாயிற்று. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்றார்கள். மோசமான எண்தான். ஆனால் அது வெளியே தெரிந்ததால் அங்கே பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்றம் கேட்டது, வரிசையும் பின்னர் குறைந்தது.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி தருகிறது. தக்கலைவாசிகள் இதற்குப் பத்மநாபபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.