வரி எட்டாத ஊர்

மத்தியதரைக் கடலோரத்தில் மொனாக்கோ என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. ராஜ்யம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மொத்தப் பரப்பே 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுத்தான் அதிகம். காலையில் உலாவப் புறப்படுகிற மனிதர் யோசனையில் நாலு எட்டுக் கூடுதலாக வைத்தால் அயல்நாட்டில் போய் நிற்பார். அங்கே நெல் விளைவதில்லை, நிலக்கரி அகப்படுவதில்லை. ஆனாலும் உலகத்தில் பேர் வாங்கிய டென்னிஸ்காரர்கள், கார்ப் பந்தயக்காரர்கள் பலருக்கு வீட்டு விலாசம் அந்த ஊர்தான். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று காரணம் சொல்வார்கள். சொல்லட்டும். உண்மையான காரணம் 1869-ஆம் வருஷத்தில் இருக்கிறது.

அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1861-இல், மொனாக்கோ தன் நிலத்தில் பெரும்பகுதியைப் பறிகொடுத்தது. மாந்தோன், ரோக்பிரூன் என்ற இரண்டு ஊர்களும் கலகம் செய்து பிரிந்து போயிருந்தன. எலுமிச்சையும் ஆலிவும் விளைந்த பூமி அவற்றோடு போயிற்று. 40 லட்சம் பிராங்கு வாங்கிக்கொண்டு, அந்த ஊர்களைப் பிரான்சுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் மூன்றாம் சார்லஸ் என்ற இளவரசர். மிஞ்சியது ஒரு பாறையும் ஒரு துறைமுகமும். பாறையில் எதை விளைவிப்பது? சூதாட்டத்தை விளைவித்தார். 1863-இல் பிரான்சுவா பிளாங்க் என்ற கைதேர்ந்த ஆசாமியிடம் சூதாட்ட மாளிகையை ஒப்படைத்தார். 1868-இல் ரயில் வந்தது. ரயிலோடு பணக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் தோற்ற பணம் கஜானாவில் வழிந்தது. அடுத்த வருஷமே இளவரசர் தம் பிரஜைகளின் மேலிருந்த நேர்முக வரிகளையெல்லாம் ரத்து செய்தார். சொந்தப் பிரஜைகள் அந்த மாளிகையில் உட்கார்ந்து சூதாடக் கூடாது என்று ஒரு சட்டமும் உண்டு. ஊரார் தோற்க வேண்டும், உள்ளூரார் பிழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தச் சௌகரியத்தை முதலில் முகர்ந்து கண்டுபிடித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களான பிரெஞ்சுக்காரர்கள். ஜெனரல் டி கால் பொறுத்துப் பார்த்தார். 1962 அக்டோபரில் ஒரு நாள் இரவு, மொனாக்கோவின் எல்லையில் சுங்கச் சாவடிக்காரர்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இரண்டு கிலோமீட்டர் ராஜ்யத்துக்கு இது மூச்சைப் பிடித்த மாதிரி. மறு வருஷம் ஒப்பந்தம் ஆயிற்று. அதன்பின் அங்கே குடிபோகும் பிரெஞ்சுக்காரர் தம் நாட்டு வரியைக் கட்டியே தீரவேண்டும். அதனால்தான் பிரான்சின் டென்னிஸ் வீரர்கள், பக்கத்தில் இருக்கும் மொனாக்கோவை விட்டுவிட்டு, மலை ஏறி ஸ்விட்ஜர்லாந்துக்குப் போகிறார்கள். மற்ற தேசத்து ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது.

இவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் ஓடாதவர் ஒருவருடைய கதை இருக்கிறது. அதைக் கேட்டால் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

ஜோ லூயி அமெரிக்காவின் அலபாமாவில் ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். 1937-லிருந்து 1949 வரையில் குத்துச் சண்டையில் உலக சாம்பியன். யுத்தம் வந்தது. 1942 ஜனவரி 9-ஆம் தேதி ஒரு சண்டையில் ஜெயித்து, தம் பங்குப் பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சமயத்தில் அந்தக் கடற்படை கறுப்பர்களைச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற வேலைக்குத்தான் எடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அதே மாதம் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். மார்ச்சில் மறுபடியும் ஒரு சண்டை. அந்தப் பணம் ராணுவ நிவாரண நிதிக்கு. யுத்தம் முடிந்து வந்தபோது கடன் காத்திருந்தது. 1946-இல் பில்லி கான் என்பவரோடு மோதி, சுமார் 6 லட்சம் டாலர் சம்பாதித்தார். அமெரிக்காவின் உச்ச வரி விகிதம் யுத்த காலத்தில் 94 சதவிகிதம் வரை ஏறியிருந்தது. பிறகும் 80-க்கு மேலேயே நின்றது. மானேஜர்கள் பங்கு, பழைய கடன், தாராளமான கை எல்லாமாகச் சேர்ந்து பணத்தைக் கரைத்துவிட்டன. வரி மட்டும் நின்றது. வட்டி ஏறிற்று.

இங்கே கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு குமாஸ்தாவுக்கு முப்பது வருஷச் சம்பளம் முப்பது வருஷமாகவே வரும். வரியும் முப்பது வருஷமாகப் பரவி நிற்கும். குத்துச் சண்டைக்காரனுக்கு ஆயுள் சம்பாத்தியம் முழுவதும் ஐந்தாறு ராத்திரிகளில் வந்துவிடுகிறது. வரி அதிகாரிக்கோ வருஷம்தான் கணக்கு, வாழ்க்கை கணக்கல்ல. ஆறு வருஷம் உட்கார்ந்து ஒரு நாவலை எழுதி, ஏழாவது வருஷம் அதற்குப் பணம் வாங்குகிற எழுத்தாளனும் இதே ஜாதிதான். (அந்தப் பணத்துக்கு உச்ச விகிதம் போடுகிற கவலை எந்தத் தமிழ் நாவலாசிரியனுக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) பல வருஷத்துக்குச் சராசரி போட்டு வரி கட்டலாம் என்ற பொதுச் சலுகையை அமெரிக்கா 1964-இல்தான் கொண்டுவந்தது, 1986-இல் அதையும் எடுத்துவிட்டது.

ஜோ லூயிக்கு 1964 மிகவும் தாமதம். கடனை அடைக்க மறுபடி மேடை ஏறினார். 1951-இல் ராக்கி மார்சியானோவிடம் அடிவாங்கிக் கயிறுகளுக்கு வெளியே விழுந்தபோது அவருக்கு வயது 37. வரி பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தச் சண்டையில் வந்த பணத்துக்கும் வரி உண்டு அல்லவா? அடைக்கச் சம்பாதித்தால், சம்பாதித்ததற்கு வரி. 1956-இல் வேடிக்கை மல்யுத்தம்கூடச் செய்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் நகரத்து சூதாட்ட ஹோட்டல் ஒன்றில், வருகிறவர்களைக் கை குலுக்கி வரவேற்கும் உத்தியோகம்.

இந்தக் கதை மற்றக் குத்துச் சண்டைக்காரர்களின் காதில் விழாமல் இருக்குமா? ஸ்வீடன் தேசத்து இங்கமார் ஜோஹான்சன் 1959 ஜூன் மாதம் நியூயார்க்கில் பிளாய்ட் பாட்டர்சனை மூன்றாவது சுற்றில் ஏழு தடவை தரையில் சாய்த்து உலகப் பட்டத்தைப் பிடித்தார். இதே மனிதர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், எதிராளியை அடிக்கவே முயலவில்லை என்று இறுதிப் போட்டியிலிருந்து விரட்டப்பட்டவர். அப்போது மறுக்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தை 1982-இல்தான் கொடுத்தார்கள். வரி விஷயத்திலும் அவர் நேராக மோதாமல் விலகிப் போகவே பார்த்தார். பட்டம் வந்த வருஷமே ஸ்விட்ஜர்லாந்துவாசி என்று பதிவு செய்துகொண்டார். அங்கே ஒரு கம்பெனி இருந்தது. தாம் அதன் சிப்பந்தி என்றும், சண்டைப் பணம் கம்பெனிக்கு உரியது என்றும், தமக்கு அதிலிருந்து சம்பளம் மட்டுமே என்றும் சொன்னார். அமெரிக்க சர்க்கார் கோர்ட்டுக்குப் போயிற்று. கம்பெனியின் ஒரே சிப்பந்தி ஜோஹான்சன். ஒரே வருமானம் அவருடைய முஷ்டி! ஸ்விட்ஜர்லாந்தில் இருந்த நாட்களைவிட ஸ்வீடனில் இருந்த நாட்கள் அதிகம். அமெரிக்காவில் இருந்தவை அதைவிட அதிகம். 1964-இல் மேல்கோர்ட்டும் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லிற்று.

அடுத்த தலைமுறை ஸ்வீடிஷ்காரருக்கு இந்தத் தந்திரமெல்லாம் தேவைப்படவில்லை. பியான் போர்க் 1956-இல் பிறந்தவர். தகப்பனார் டேபிள் டென்னிஸ் போட்டியில் பரிசாக வாங்கிவந்த டென்னிஸ் மட்டையைப் பையனிடம் கொடுத்தார். பையன் கார் ஷெட் கதவில் பந்தை அடித்து அடித்துப் பழகினான். 15 வயதில் டேவிஸ் கோப்பை, 18 வயதில் பிரெஞ்சுப் பட்டம். அந்த 1974-ஆம் வருஷமே அமெரிக்கப் போட்டியில் நம் சென்னை விஜய் அமிர்தராஜ் அவரை ஐந்து செட்டில் தோற்கடித்தார் என்பதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சிறிது காலத்தில் போர்க் மொனாக்கோவாசி ஆனார். தாயும் தகப்பனும் கூடவே போய் அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடை வைத்தார்கள்.

ஸ்வீடனில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குளிர்காலத்திலும் பையன்கள் ஆட உள்ளரங்குக் கூடம் எல்லாம் ஜனங்கள் கட்டிய வரியில் வந்தவை. மரம் காய்த்ததும் வேலிக்கு வெளியே சாய்ந்துவிட்டதே என்றார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 1976-இல் அந்தக் கேள்விக்கு விநோதமான பதில் ஒன்று வந்தது. அதை எழுதியவர் விளையாட்டுக்காரர் அல்ல. குழந்தைகளுக்குக் கதை எழுதும் 68 வயது மூதாட்டி.

ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் என்பது பெயர். பிப்பி என்ற முரட்டுச் சிறுமியைப் படைத்து உலகக் குழந்தைகளையெல்லாம் சிரிக்க வைத்தவர். ஆளும் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சிக்கே ஆயுள் முழுதும் ஓட்டுப் போட்டவர். சொந்தத் தொழில் செய்கிறவர் என்பதால் வருமான வரியோடு முதலாளி கட்டும் சமூகக் காப்புக் கட்டணமும் அவர் தலையில் விழுந்தது. இரண்டும் சேர்ந்து 102 சதவிகிதம். அதாவது, கூடுதலாக 100 குரோனா சம்பாதித்தால் 102 குரோனா கட்ட வேண்டும்! மார்ச் மாதம் ஒரு மாலைப் பத்திரிகையில் சூனியக்காரி ஒருத்தியின் கதையாக இதை எழுதிவிட்டார். நிதி மந்திரி குன்னார் ஸ்ட்ராங், அம்மாளுக்குக் கதை வரும், கணக்கு வராது என்ற பாவனையில் சட்டசபையில் கிண்டல் செய்தார். கதை சொல்வது மந்திரிக்கும் நன்றாக வருகிறது, உத்தியோகத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று அம்மாள் திருப்பிக் கொடுத்தார். கணக்கு அம்மாளுடையதுதான் சரி. அதே வருஷம் ஜனவரியில் சினிமா டைரக்டர் இங்மார் பெர்க்மனை நாடக ஒத்திகையின் நடுவே போலீஸார் வரி வழக்குக்காக அழைத்துப்போக, மனம் உடைந்த அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். குற்றச்சாட்டு நிற்கவில்லை. செப்டம்பர் தேர்தலில், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட கட்சி தோற்றது. நாம் சிரிக்க வேண்டாம்; அந்த 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் உச்ச விகிதம் 97.75 சதவிகிதம் வரை போயிருந்தது.

லிண்ட்கிரென் நாட்டை விட்டுப் போகவில்லை. 2002-இல் ஸ்டாக்ஹோமில், தம் பழைய வீட்டில்தான் காலமானார். எனக்கு அவர்மீது மதிப்பு அதிகம். ஆனாலும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: அவருடைய பேனா 68 வயதிலும் ஓடிற்று. போர்க்கின் மட்டை 26 வயதில் ஓய்ந்துவிட்டது.

ஓடிப்போனதாகச் சொல்லிக்கொண்டு ஊரிலேயே இருந்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் போரிஸ் பெக்கர் தாம் மொனாக்கோவாசி என்றார். 1990-களின் தொடக்கத்தில் அவர் பெரும்பாலும் மியூனிக்கில் சகோதரியின் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தார் என்று அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். 2002-இல் அபராதமும், நிறுத்திவைத்த இரண்டு வருஷச் சிறைத் தண்டனையும் கிடைத்தன. கோடி கோடியாகச் சம்பாதித்தவர் ஒண்டுக் குடித்தனம் போல ஓர் அறையில் இருந்தார் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சொந்த ஊரில் தூங்க ஆசைப்பட்டிருக்கிறார்.

போர்க்கின் வரிச் சேமிப்பும் நிலைக்கவில்லை. அவர் பெயரில் நடந்த வியாபாரம் நொடித்தது. 1991-இல், 34 வயதில், பழைய மர மட்டையை எடுத்துக்கொண்டு அதே மான்டி கார்லோ மைதானத்தில் மறுபடி இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 2006-இல் தம் ஐந்து விம்பிள்டன் கோப்பைகளையும் லண்டனில் ஏலத்துக்குக் கொடுத்தார். பழைய எதிராளிகள் போன் செய்து வற்புறுத்திய பிறகு, ஏல நாளுக்கு முன்பே, கோப்பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.